பிழைப்பும் பாடமும்: வலை பின்னுதல் வகுப்பறைக்கு வந்த வரலாறு

தமிழில் ‘பிழைத்தல்’ என்னும் வினைக்கு மூன்று பொருள்கள் உண்டு. தவறுதல் ஒன்று, ஆபத்திலிருந்து தப்புதல் மற்றொன்று, தொழில் செய்து வாழ்தல் மூன்றாவது. குறி தப்பிய அம்பும், வெள்ளத்திலிருந்து கரையேறிய ஆளும், பட்டணத்தில் வேலை தேடிக்கொண்டவரும் இந்த ஒரே வினைக்குள் அடங்குகின்றனர். மாணவர்களுக்குக் கையால் வலை பின்னக் கற்பிப்பதன் வரலாற்றை எழுதப் புகுவோருக்கு இந்தச் சொல் நல்ல தொடக்கம். உயிர் தப்புவதற்கான திறன் எது, வயிறு வளர்ப்பதற்கான தொழில் எது, பள்ளியில் கற்பிக்கத் தகுந்த அறிவு எது என்னும் மூன்று கேள்விகளும் இந்தப் பாடத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கற்பித்த இடங்களில் நேர்ந்த பிழைகளும் அதே பின்னலில்தான் உள்ளன.

மேலை நாடுகளின் போர்ப்படைகள் தம் வீரர்களுக்கு அளிக்கும் உயிர்காப்புக் கையேடுகளில் வலை பின்னுதலுக்குத் தனியிடம் உண்டு. பாராசூட் கயிற்றின் உறையை உரித்து, உள்ளிழைகளைப் பிரித்து, அவற்றால் செவுள்வலை ஒன்றைக் கட்டும் முறை அவற்றில் விளக்கப்படுகிறது. தூண்டிலுக்குக் காவல் இருக்க வேண்டும். வலைக்கு அது தேவையில்லை. கட்டியவர் உறங்கும்போதும் அது வேலை செய்யும். உணவு தேடச் செலவாகும் உடல்வலு, கிடைக்கும் உணவு தரும் வலுவைவிடக் குறைவாக இருந்தால்தான் மனிதர் தாக்குப்பிடிக்க முடியும் என்னும் கணக்கே இதன் பின்னால் இருப்பது. காட்டில் தனித்துவிடப்பட்ட ஒருவருக்கு இது சில நாள் திறன். இந்தியக் கடற்கரைகளிலும் ஆற்றங்கரைகளிலும் இதே திறன் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களைக் காப்பாற்றியது. ஆகவே இங்கே அதைக் கற்பிப்பது என்பது தனிமனிதரின் உயிர்காப்புப் பயிற்சியாக மட்டும் ஒருபோதும் இருந்ததில்லை. யாருடைய பிள்ளைக்குக் கற்பிப்பது என்ற கேள்வி அதனுடன் எப்போதும் ஒட்டியே வந்தது.

வலையின் தொன்மை வியப்புக்குரியது. 1913-இல் அன்றைய பின்லாந்தின் ஆந்திரெயா என்னும் ஊரில், சதுப்பு நிலத்தில் கிடைத்த வலைத் துண்டுகள் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முந்தையவை. வில்லோ மரப்பட்டை நாரால் முடியப்பட்டவை. சிந்துவெளி அகழாய்வுகளில் சுடுமண் வலைக்குண்டுகள் கிடைத்துள்ளன. நூல் மக்கிப் போனாலும் குண்டு மிஞ்சும் என்பதால், வலையின் வரலாறு பெரும்பாலும் அதன் எடைகளைக் கொண்டே எழுதப்படுகிறது. மொழியும் ஒரு சான்று தருகிறது. தமிழில் ‘வலை’, மலையாளத்தில் ‘வல’, தெலுங்கில் ‘வல’, கன்னடத்தில் ‘பலெ’. சொன்முதல் வகரம் கன்னடத்தில் பகரமாவது நன்கறிந்த ஒலிமாற்றம். இந்நான்கும் ஒரே மூலத்தின் கிளைகள். இம்மொழிகள் பிரிவதற்கு முன்பே அவற்றைப் பேசியோரிடம் வலை இருந்தது என்பதை இச்சொல்லே காட்டுகிறது. வடமொழியில் ‘ஜாலம்’ என்றால் வலை. இந்திரனின் வலையைக் குறித்த ‘இந்திரஜாலம்’ பின்னர் மாயவித்தைக்குப் பெயராயிற்று. சங்க இலக்கியத்தின் ‘வலைஞர்’ என்னும் சொல், கருவியின் பெயரையே மக்களின் பெயராக்கிக்கொண்டது. கருவி குடியின் பெயராக மாறிய அந்த இடத்தில்தான் பிற்காலச் சிக்கலின் முதல் முடிச்சும் விழுந்தது.

பின்னும் முறை பார்வைக்கு எளியது. நூல் சுற்றிய தட்டையான ஊசி ஒன்று வேண்டும். மரத்திலோ மூங்கிலிலோ செதுக்கியது, நடுவில் நாக்குப் போன்ற ஒரு கீற்று உடையது. கண்ணின் அளவைத் தீர்மானிக்கச் சிறு மூங்கில் பட்டை ஒன்று வேண்டும். பட்டையைச் சுற்றி நூலைக் கொண்டுவந்து, மேல் வரிசைக் கண்ணின் அடியில் ஊசியை நுழைத்து, வளையமிட்டு இறுக்கினால் ஒரு முடிச்சு. நெசவாளர் அறுந்த இழையை இணைக்கப் போடுவதும் அமைப்பில் இதே முடிச்சுதான். 100 கண் அகலமும் 50 கண் ஆழமும் கொண்ட ஒரு சிறு வலைத் துண்டுக்கு ஏறத்தாழ 10,000 முடிச்சுகள் தேவை. முடிச்சு ஒன்றுக்கு 6 நொடி என்று கொண்டாலும் இடைவிடாமல் 16 மணி நேரத்துக்கு மேற்பட்ட உழைப்பு. கடலில் இழுக்கும் பெருவலை ஒன்று ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு என்பதும், அதனால் குழந்தைகளின் கைகளும் அதற்குத் தேவைப்பட்டன என்பதும் இந்தக் கணக்கிலிருந்து விளங்கும்.

இந்தக் கல்வி வீட்டு முற்றத்தில் நடந்தது. பாடமென்று அறிவித்து யாரும் கற்பிக்கவில்லை. ஊசியில் நூல் சுற்றித் தருவது குழந்தையின் முதல் வேலை. பிறகு பெரியவர் தொடங்கிய வரிசையைத் தொடர்வது. பிறகு வரிசையைத் தாமே தொடங்குவது. அகலத்தைக் கூட்டவும் குறைக்கவும் அறிவது. கடைசியாகக் கிழிசலைச் செப்பனிடுவது. பல கரைகளில் நூல் நூற்பதும் பின்னுவதும் பெண்களின் கையிலும், கயிற்றில் கோத்து மிதவையும் குண்டும் கட்டுவது ஆண்களின் கையிலும் இருந்தன. பருத்தி, சணல் வலைகள் உப்புநீரில் விரைவில் மக்கும் என்பதால், அவற்றை அடிக்கடி உலர்த்தித் துவர்ப்புச் சாற்றில் தோய்க்க வேண்டியிருந்தது. வங்காளத்தில் ‘காப்’ என்றும் தமிழில் பனிச்சை என்றும் வழங்கும் மரத்தின் காய் இதற்குப் பயன்பட்டது. நூல், சாயம், முடிச்சு, மீனின் பழக்கம், நீரோட்டம் ஆகிய அனைத்தும் ஒரே பாடத்தின் பகுதிகளாக இருந்தன.

இத்திறன் உயிர்காப்பாக இருந்ததற்கு இலக்கியச் சான்றும் உண்டு. அத்வைத மல்லபர்மன் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1956-இல் நூலாக வெளிவந்த ‘திதாஸ் ஏக்டி நதீர் நாம்’ என்னும் வங்காள நாவல், திதாஸ் ஆற்றங்கரையின் மாலோ மீனவரைப் பற்றியது. கணவனைப் பிரிந்து அறியாத ஊருக்கு வந்து சேரும் இளந்தாய் ஒருத்தி, அண்டைப் பெண்களின் துணையோடு வலைநூல் நூற்று மகனை வளர்க்கிறாள். போக்கிடமற்ற ஒரு பெண்ணுக்கு ஊர் கொடுத்த காப்பீடு அந்த நூல். அதே நாவலில் அந்த மகன் பின்னர் படிப்பைத் தேடி ஊரைவிட்டுப் போகிறான். மல்லபர்மனே மாலோ குடியில் பிறந்தவர். அவர் சமூகத்தார் பணம் சேர்த்து அவரைப் படிக்கவைத்தனர். தம் பிள்ளைகளில் ஒருவனுக்கேனும் வலையைத் தாண்டிய கல்வி வேண்டும் என்று, வலையால் வாழ்ந்த மக்களே விரும்பினர். பள்ளியிடமிருந்து மீனவர் எதிர்பார்த்தது என்ன என்று கேட்போர் இந்த உண்மையை மறக்கக் கூடாது.

அரசு இப்பாடத்துக்குள் நுழைந்தது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். சென்னை மாகாணத்தில் 1907-இல் மீன்வளத்துக்கெனத் தனி அமைப்பு ஏற்பட்டது. அதற்கு வழிவகுத்தவர் பிரெடரிக் நிக்கல்சன். கூட்டுறவுக் கடன் பற்றிய அறிக்கையால் ஏற்கெனவே அறியப்பட்டிருந்த அவர், ஜப்பானின் மீன்பிடித் தொழிலைப் பற்றிய குறிப்பு ஒன்றையும் 1907-இல் வெளியிட்டார். அவருடன் பணியாற்றி, பின்னர் துறையின் தலைமையை ஏற்ற ஜேம்ஸ் ஹார்னெல், இக்கடற்கரையின் படகுகளையும் வலைகளையும் மீன்பிடி முறைகளையும் விரிவாகப் பதிவு செய்தார். தென் கன்னடம், மலபார் கரைகளில் மீனவர் குழந்தைகளுக்கென்று பள்ளிகள் நடத்தப்பட்டன. அவற்றுக்கு ஆசிரியர்களை உருவாக்கக் கோழிக்கோட்டில் பயிற்சி நிலையம் ஒன்றும் இருந்தது. எழுத்தையும் கணக்கையும் தொழிலோடு சேர்த்துக் கற்பிப்பதே இப்பள்ளிகளின் கருத்து.

இம்முயற்சியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பிற பள்ளிகள் தீண்டாமையாலும் தொலைவாலும் மூடிவைத்த கதவை இவை ஓரளவு திறந்தன. கடலுக்குப் போகும் பருவத்தையும் மீன் வரும் நேரத்தையும் அறிந்து நடக்கும் ஒரு பள்ளி, அவற்றை அறியாத பள்ளியைவிடக் குழந்தைகளைத் தக்கவைக்கக்கூடியது. ஆயினும் அதன் அடியில் ஒரு முன்முடிவு இருந்தது: மீனவர் பிள்ளை மீனவராகவே இருக்கப்போகிறது, பள்ளியின் வேலை அதைத் தேர்ந்த மீனவராக்குவது. முற்றத்தில் தாயிடமும் பாட்டியிடமும் கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்றைப் பள்ளி திரும்பக் கற்பித்தால், வீட்டில் கிடைக்காத ஒன்றுக்குரிய நேரம் அதில் கழியும். மறுபுறம், வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கும் கணக்கர் வீட்டுப் பிள்ளைக்கும் அந்த ஊசி ஒருபோதும் நீட்டப்படவில்லை. ஆக, வலை பின்னுதல் பள்ளிக்குள் வந்தபோதும் குடியின் அடையாளத்தைக் கழற்றிவிட்டு வரவில்லை.

அடுத்த திருப்பம் வார்தாவில் நிகழ்ந்தது. 1937 அக்டோபர் 22, 23 ஆகிய நாள்களில் காந்தி தலைமையில் கூடிய கல்வி மாநாடு, ஏழாண்டு இலவசக் கட்டாயக் கல்வியையும், தாய்மொழி வழிக் கற்பித்தலையும், ஒரு கைத்தொழிலை மையமாகக் கொண்ட பாடத்திட்டத்தையும் முன்வைத்தது. ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அவ்வாண்டு டிசம்பரில் தன் அறிக்கையை அளித்தது. 1938-இல் அரிபுரா காங்கிரஸ் அதை ஏற்றது. சேவாகிராமத்தில் இத்திட்டத்தை நடத்திய இந்துஸ்தானி தாலிமி சங்கத்தில் இலங்கைத் தமிழரான இ. டபிள்யூ. ஆரியநாயகமும் அவர் துணைவியார் ஆஷாதேவியும் முன்னின்றனர். தமிழில் இது ‘ஆதாரக் கல்வி’ எனப்பட்டது.

இத்திட்டத்தின் புதுமை, கைத்தொழில் எல்லாருக்கும் உரியது என்று சொன்னதில் இருந்தது. உயர்குடிப் பிறப்புக்கும் உடலுழைப்பின்மைக்கும் இடையே இந்தியச் சமூகம் போட்டுவைத்த முடிச்சை அவிழ்க்கும் கருத்து அது. தொழில் தனியொரு பாடமாக நிற்காமல், கணக்கும் மொழியும் இயற்கை அறிவும் அதிலிருந்தே கிளைக்க வேண்டும் என்பது அதன் முறை. நூற்றலும் நெசவும், தச்சு, வேளாண்மை, காய்கனித் தோட்டம், தோல்வேலை ஆகியவற்றைக் குழு பரிந்துரைத்தது. ஊரின் சூழலுக்கு ஏற்ற வேறு தொழில்களுக்கும் இடம் வைத்தது. கடற்கரைப் பள்ளியில் வலை பின்னுதல் அந்த இறுதி வாய்ப்பின் வழியாக நுழைந்திருக்கலாம். ஆனால் நடைமுறையில் தக்ளியே நாடெங்கும் பரவியது. பருத்தி விளையாத ஊர்களிலும் மாணவர் தக்ளி சுற்றினர். வலையும் துணியும் ஒரே முடிச்சைப் பகிர்ந்துகொண்டாலும், நூற்பு தேசத்தின் குறியீடாகவும் வலை ஒரு சாதியின் கருவியாகவும் பார்க்கப்பட்டன.

வார்தா மாநாட்டிலேயே எதிர்ப்பும் எழுந்தது. மாணவர் செய்யும் பொருள்களை விற்றுப் பள்ளியை நடத்துவது கைவினைஞரின் பிழைப்போடு போட்டியிடுவதாகும் என்று பொருளியலறிஞர் கே. டி. ஷா வாதிட்டார். வலையை வைத்து எண்ணினால் இவ்வாதத்தின் கூர்மை விளங்கும். பள்ளியொன்று தன் செலவுக்காக வலை பின்னி விற்றால், அது பறிப்பது திதாஸ் கரைத் தாயைப் போன்ற ஒருத்தியின் கூலியை. ஒரு திறனை மாணவர் கைக்குக் கொண்டுசேர்ப்பது வேறு. அந்தக் கைகளை உற்பத்திக்கு அமர்த்துவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலான கோட்டை ஆதாரக் கல்வி தெளிவாக வரையவில்லை.

அந்தக் கோட்டை அழித்த ஒரு முயற்சியைச் சென்னை மாநிலம் 1953-இல் கண்டது. முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த மாற்றுத் தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி, ஊரகத் தொடக்கப் பள்ளிகளில் குழந்தைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டும் வகுப்பில் இருப்பர். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலில் பழகுவர். பள்ளிகளும் ஆசிரியர்களும் பற்றாத நிலையில், இருக்கும் கட்டடங்களைக் கொண்டே இரு மடங்கு மாணவர்களுக்கு இடமளிப்பது இதற்குச் சொல்லப்பட்ட காரணம். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் இதைக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று அழைத்தனர். அந்தப் பெயரே திட்டத்தை வென்றது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது.

இந்தப் போராட்டத்தைக் கைத்தொழில் வெறுப்பாகப் படிப்பது தவறு. வலை பின்னுவது இழிவென்று அதை எதிர்த்தோர் சொல்லவில்லை. வலைஞர் மகன் மட்டும் வலை பின்னவும், மற்றவர் மகன் மட்டும் புத்தகம் படிக்கவும் அரசே நேரம் ஒதுக்கித் தருவதை அவர்கள் எதிர்த்தனர். வார்தாவில் எல்லாருக்கும் உரியதென்று சொல்லப்பட்ட தொழிலறிவு, சென்னையில் அவரவர் வீட்டுக்குத் திருப்பியனுப்பப்பட்டது. இரண்டுக்கும் இடையே 16 ஆண்டுகளே. பாடம் ஒன்றாகவே இருக்க, அதைக் கற்போர் யார் என்பதை மாற்றினால் அதன் பொருளே மாறிவிடும் என்பதற்கு இந்தியக் கல்வி வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்று அரிது.

விவாதம் வகுப்பறையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தபோதே, கடற்கரையில் பாடத்தின் மூலப்பொருள் மாறிக்கொண்டிருந்தது. இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் அவை ஆகிய முத்தரப்பு 1952-இல் செய்த ஒப்பந்தத்தின் வழியே இந்தோ–நார்வே திட்டம் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் தொடங்கியது. 1957-இல் கொச்சியில் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது. பருத்திக்கும் சணலுக்கும் பதிலாக நைலான் வந்தது. அது மக்காது, துவர்ப்புச் சாறு வேண்டாம், நாள்தோறும் உலர்த்த வேண்டாம், எடை குறைவு, மீன் அதிகம். மீனவர் அதை ஏற்றதில் வியப்பில்லை. ஆனால் நூலை வீட்டில் நூற்க முடிந்தது. நைலானை வீட்டில் செய்ய முடியாது. வலையின் முதற்படி அப்போதே கைவிட்டுப் போயிற்று.

பின்னும் வேலையும் தொடர்ந்து போனது. வலை பின்னும் பொறியின் வரலாறு ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குச் செல்கிறது. நெசவுப் பொறியால் புகழ்பெற்ற ஜக்கார் வலைப்பொறி ஒன்றையும் வடிவமைத்தவர். ஸ்காட்லாந்தின் மசல்பரோவில் ஜேம்ஸ் பேட்டர்சன் 1820 வாக்கில் மற்றொன்றை உருவாக்கினார். அப்பொறியின் பிற்கால வடிவங்கள் தென்னிந்தியக் கரைக்கு வந்தபோது, கூலிக்கு வலை பின்னிய பெண்களின் வருவாய் சரிந்தது. 1970-களின் இறுதியில் திருவனந்தபுரம் கடற்கரைப் பெண்கள் வலை பின்னும் இயந்திரங்களை எதிர்த்துப் போராடினர். நீண்டகரைப் பகுதிப் பெண்களின் வாழ்விலும் உழைப்பிலும் ஏற்பட்ட மாற்றங்களை லீலா குலாட்டி 1984-இல் வெளியான தம் ஆய்வில் விரிவாக எழுதினார். இறால் உரிக்கும் கொட்டகையும் மீன் விற்கும் சந்தையும் பலருக்கு மாற்றுப் பிழைப்பாயின. முற்றத்துப் பள்ளி யாரும் அறிவிக்காமல் மூடப்பட்டது.

இதன் விளைவை ஒரு தலைமுறைக் கணக்காகப் பார்க்க வேண்டும். வீட்டில் பின்னக் கற்ற தாயின் மகள் அதைக் கற்கவில்லை, கற்றுப் பயனுமில்லை. அவளுக்கு ஈடாகக் கிடைத்திருக்க வேண்டியது நல்ல பள்ளி. அது கிடைத்த இடங்களில் இழப்பு இழப்பாகத் தெரியவில்லை. கிடைக்காத இடங்களில் ஊசியும் இல்லை, எழுத்தும் இல்லை என்ற நிலை ஏற்பட்டது. மீன்பிடிக் கலன் இயக்குவோருக்கும் கருவி நுட்பருக்கும் பயிற்சி தர மத்திய அரசு 1963-இல் கொச்சியில் தொடங்கிய நிறுவனத்தைப் போன்றவற்றில் வலைத் தொழில்நுட்பம் முறையான பாடமாயிற்று. ஆனால் அத்தகைய பயிற்சிக்குள் நுழையப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும். வலையை நன்கறிந்த கைகள் பல, அந்தச் சான்று இல்லாததால் வாசலிலேயே நின்றன.

இத்தனை வரலாற்றிலும் கேட்கப்படாத ஒரு கேள்வி உண்டு. பிழைப்பு என்பதைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு, வலையிலிருந்து ஒரு மாணவர் அறிவாக எதைப் பெற முடியும்? விடை பெரியது. 50 மில்லிமீட்டர் இழுப்பளவுள்ள கண்கள் 100 கொண்ட வலையை முழுதாக இழுத்துப் பிடித்தால் 5 மீட்டர். அதை 2.5 மீட்டர் கயிற்றில் கோத்தால் கண்கள் விரிந்து சாய்சதுரமாகும். ஆழம் அதன் முழு இழுப்பளவில் 0.866 பங்காகக் குறையும். 3.54 மீட்டர் கயிற்றில் கோத்தால், அதாவது 0.707 என்னும் விகிதத்தில், ஒவ்வொரு கண்ணும் சதுரமாகி வலை மிகுதியான பரப்பைத் தழுவும். கயிற்று விகிதத்தின் வர்க்கமும் ஆழ விகிதத்தின் வர்க்கமும் சேர்ந்தால் எப்போதும் 1. பிதாகரசு தேற்றத்தை மணலில் விரித்துக் காட்டும் கருவி இது. ஆயினும் செவுள்வலை கட்டுவோர் பெரும்பரப்பை நாடுவதில்லை. கண் சற்றுக் குறுகி, நூல் தளர்ந்து நின்றால்தான் மீன் சிக்கும் என்று அவர்கள் அறிவர். கணிதத்தின் உச்சமும் பயனின் உச்சமும் வெவ்வேறு இடங்களில் இருப்பதை இதைவிட எளிதாக விளக்க முடியாது.

கண்ணின் அளவு ஓர் அறத் தேர்வும்கூட. மூங்கில் பட்டையின் அகலத்தில் எந்த மீன் மாட்டும், எந்தக் குஞ்சு தப்பும் என்பது முடிவாகிறது. சட்டங்கள் இன்று கண்ணளவை வரையறுக்கின்றன. தம் கையால் பட்டையைச் செதுக்கிய ஒருவருக்கு அச்சட்டத்தின் காரணம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிழிசலைத் தைப்பது மற்றொரு பாடம். கிழிந்த இடத்தை அப்படியே இழுத்துக் கட்டினால் வலை சுருங்கி உருமாறும். முதலில் அறுந்த நூல்களை வெட்டியெடுத்து ஓட்டையைப் பெரிதாக்க வேண்டும். மூன்று கால்கள் எஞ்சிய ஒரு முடிச்சில் தொடங்கி, மற்றொரு மூன்று கால் முடிச்சில் முடிக்குமாறு விளிம்பை ஒழுங்குபடுத்த வேண்டும். அப்போதுதான் ஒரே நூலில், இடையறாமல், பழைய வடிவம் திரும்பும். பிழையைச் சரிசெய்ய முதலில் அதன் எல்லையைக் காண வேண்டும் என்பதை விரல்கள் கற்கின்றன. கடலில் கைவிடப்படும் நைலான் வலைகள் மக்காமல் ஆண்டுக்கணக்கில் உயிர்களைச் சிக்கவைத்துக்கொண்டிருக்கும் இந்நாளில், செப்பனிடும் திறனின் மதிப்பு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

பழைய கேள்வி இப்போது மீண்டும் வந்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் புத்தகப் பையில்லாத 10 நாள்களை முன்மொழிந்து, தச்சர், தோட்டக்காரர், குயவர், கலைஞர் போன்றோரிடம் எல்லா மாணவரும் பழக வேண்டும் என்கிறது. 2023 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களைப் பட்டியலிட்டுப் பயிற்சியும் கருவியும் கடனும் தருகிறது. மீன்பிடி வலை பின்னுதல் அவற்றில் ஒன்று. 18 வயதான ஒருவர் குடும்ப வழித் தொழிலில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. குடும்பத் தொழில் என்னும் கட்டை நீக்கவும், குறைந்த வயதை 35 ஆக்கவும் கோரிய தமிழ்நாடு அரசு, அவை ஏற்கப்படாத நிலையில் அத்திட்டத்தை அந்த வடிவில் செயல்படுத்த 2024-இல் மறுத்து, சாதி வேறுபாடற்ற மாற்றுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. கல்லூரிக்குப் போகும் வயதில் ஒருவரைக் குடும்பத் தொழிலை நோக்கித் திருப்பலாமா என்பதே விவாதத்தின் மையம். 1953-இன் கேள்வி 70 ஆண்டுகள் கழித்து, அதே மாநிலத்தில், அதே ஊசியைச் சுட்டிக் கேட்கப்பட்டது.

இவ்விரு திட்டங்களையும் ஒரே அளவுகோலால் சோதிக்கலாம். வலை பின்னும் பாடம் வலைஞர் தெருவில் மட்டும் நடக்கிறதா, நகரத்துப் பள்ளியிலும் நடக்கிறதா? கடற்கரைப் பெண் ஒருவர் அங்கே பயனாளியாக நிற்கிறாரா, ஆசிரியராக ஊதியம் பெற்று நிற்கிறாரா? வலை பின்னக் கற்ற மாணவருக்கு அதை விட்டுவிடும் உரிமையும், விட்டபின் செல்ல வேறு வழியும் உள்ளனவா? இம்மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தால் அது கல்வி. கிடைக்காவிட்டால், அதே ஊசி, அதே நூல், அதே முடிச்சு ஆகியவற்றைக் கொண்டு பிள்ளைகளைச் சுற்றி மற்றொரு வலை பின்னப்படும்.

நூற்றாண்டுக் காலமாக நடந்த முயற்சிகளில் கைத்திறனின் மதிப்பைப் பேசியவர்கள் பலர். அதைத் தம் பிள்ளைக்கும் கேட்டவர்கள் சிலர். மீனவர் தம் பிள்ளைக்கு எழுத்தைக் கேட்டனர். மற்றவர் தம் பிள்ளைக்கு வலையைக் கேட்கவில்லை. அவர்களும் கேட்கத் தொடங்கும் நாளில்தான் வலை பின்னுதல் ஒரு குடியின் பிழைப்பு என்னும் நிலையைக் கடந்து, எல்லாருக்கும் உரிய பாடமாகும்.